கரடிப் பாட்டுக்கு நாலு உரை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. அடியில் அடுப்பு எரிகிறது, தரை இதமாகச் சூடாக இருக்கிறது, காலை நீட்டி உட்காரலாம். கூடையில் ஆரஞ்சு இருக்கிறது, உரித்துக்கொண்டே கேளுங்கள். தோலை மட்டும் படுக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள். ஒரு மனிதர் தன் பெண்டாட்டியின் பாட்டைக் கேட்கப் போய், பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்த கதை ஒன்று சொல்கிறேன்.

அவர் பெயர் பே மான்சிக். நம் துறைமுகத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஓடுகிற ஊர்ப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி ஓக்பூன், நெத்திலி அவிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். ஆவிக்கு நடுவே நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைப் பாடுவாள். நம் பக்கத்தில் மெதுவாக நகர்கிற, சொன்னது மண்டையில் ஏறாத புருஷனைப் பெண்கள் கரடி என்றுதானே திட்டுவார்கள்? ஓக்பூன் அந்தத் திட்டையே பாட்டாக்கிவிட்டாள்.

கரடி ஒண்ணு வந்துச்சு, கஞ்சிப் பானை காலியாச்சு,
படுத்த இடம் பள்ளமாச்சு, பக்கத்து வீட்டுக் கூரை ஆடிச்சு,
எழுப்பாதீங்க, எழுப்பாதீங்க, இது என் வீட்டுக் கரடிங்க.

மலை மேல் இருக்கிற பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வசந்த காலத்தில் ஆட்கள் வந்தார்கள். பாட்டைக் கேட்டார்கள். அவளை அழைத்துப்போய்க் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பாட்டைப் பதிவு செய்தார்கள். மான்சிக் கண்ணாடிக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உள்ளே நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. வீட்டுக்கு வரும்போது ஓக்பூன், "இவ்ளோ கத்தியிருக்கேன், ஒரு தண்ணி குடுக்கல பாரு" என்றாள். அதே வருஷம் குளிர் தொடங்கும்போது அவள் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு மான்சிக்குக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. கொதிக்கிற சூப்பை வாயில் வைப்பார், நாக்கு வெந்ததுகூடத் தெரியாது. படுப்பார், கூரையைப் பார்ப்பார், விடிந்துவிடும். ஒரு நாள் காலையில் வெள்ளரிக்காயைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒன்று தெரிந்தது. ஓக்பூன் சொன்ன வார்த்தையெல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் குரல் போய்விட்டது. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது மாதிரி வாய் மட்டும் அசைகிறது. கைப்பேசியில் தேடினார், அதில் அவள் குரல் இல்லை. அந்தச் சனியனைக் கையில் எடுக்க மாட்டேன் என்று வாழ்ந்தவள் அவள்.

ஓக்பூனின் தங்கை மால்சுன் வாரத்துக்கு ஒரு தடவை ஊறுகாயும் சூப்பும் வசவும் கொண்டுவருவாள். அவளிடம் மான்சிக் சொன்னார்: "வருஷப் படையல் வருது. சோறு வைப்போம், மீன் வைப்போம். கதவத் தொறந்து வெச்சு அவளக் கூப்பிடணுமே. எந்தக் குரல நினைச்சுக் கூப்பிடறது?"

"மலை மேல புடிச்சு வெச்சிருக்காங்களே அத்தான், போய்க் கேளுங்க. அவங்க என்ன வேணாம்னா சொல்லப் போறாங்க?"

அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அந்த இடத்துக்குப் பெயர் இசை அறிவியல் பண்பாட்டு இணைப்பு உரையாடல் மையம். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் கதவு திறந்து தானாகவே மூடிக்கொண்டுவிடும். இயக்குநர் பேராசிரியர் குவாக், வழவழவென்று வாரிய தலையும் இரண்டு கையாலும் நீட்டுகிற முகவரி அட்டையுமாக எழுந்து வந்தார்.

"ஐயா, நீங்க பாட்டுன்னு சொல்றீங்க. எங்ககிட்ட வந்தப்புறம் அது பாட்டு இல்ல. இசையும் அறிவியலும் பண்பாடும் கை குலுக்கிக்கிற இடம்."

"சரிங்க. அந்த இடத்துல ஒரு ஓரமா உட்கார்ந்து ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடறேன்."

"சும்மா கேக்கறது எங்க நோக்கத்துலயே இல்லீங்க. இங்க எதையும் உரையாடித்தான் கேக்கணும். அறிஞர்களோட நீங்க உரையாடணும். சபை முன்னால. அப்புறம் பாட்டு."

"பாட்டு எவ்ளோ நேரம்ங்க?"

"பாட்டு கொஞ்ச நேரம்தான்" என்றார் குவாக், அது பாட்டின் குறை என்பது போல.

முதல் உரையாடல் நாளன்று மான்சிக் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வாசலிலேயே அவர் நெஞ்சில் ஒரு பூச்செண்டைக் குத்தினார்கள். பூ குத்தியவர்கள் மற்றவர்களோடு உட்காரக் கூடாது என்று சொல்லி, விருந்தினர் அறைக்கு அழைத்துப்போய் மெத்தை நாற்காலியில் புதைத்து, கையில் இனிப்புத் தேநீரைக் கொடுத்தார்கள். எங்கிருந்தோ ஏதோ சத்தம் லேசாக வந்தது. உடனே அலுவலகத்துப் பெண் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. அரங்கத்துல மைக்செட்காரர் எதையோ போட்டுப் பாக்கறாரு. விருந்தாளிங்களுக்குத் தொந்தரவு."

கதவு தடிமனானது. உள்ளே தேநீரை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான்.

விழா தொடங்கியது. குவாக் தொடக்கவுரை ஆற்றினார். துறைத் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். நகர்மன்ற உறுப்பினர் வாழ்த்துரை ஆற்றினார். பழைய மாணவர் சங்கத் தலைவர் ஊக்கவுரை ஆற்றினார். எல்லோருமே சுருக்கமாகப் பேசப்போவதாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்வதற்கே நேரம் பிடித்தது. நகர்மன்ற உறுப்பினர் மட்டும் மனம் திறந்து பேசினார்: "பாட்டுன்னா எனக்கு உயிர். இன்னிக்கு இந்தப் பாட்டக் கேக்க முடியாததுதான் எனக்கு வருத்தம். இதே மாதிரி இன்னும் மூணு விழா இருக்கு, அங்கயும் கேக்க முடியாம வருத்தப்படணும்."

கைதட்டல் எழுந்தது. பெரியவர்கள் கிளம்புவதற்கு முன் படம் எடுத்தாக வேண்டுமே. எல்லோரையும் விழாப் பதாகைக்கு முன்னால் நிறுத்தி, கை முட்டியை மடக்கி "வெற்றி!" என்று கத்தச் சொன்னார்கள். மான்சிக்கும் கத்தினார். படம் எடுத்ததும் நகர்மன்ற உறுப்பினர் போனார், அவரோடு அவர் ஆட்கள் போனார்கள். துறைத் தலைவர் போனார், அவரோடு துறை போயிற்று. அரங்கத்தில் மிஞ்சியது வருகைப் பதிவுக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்த மாணவர்களும் மான்சிக்கும்தான்.

"இப்பப் போடலாமுங்களா?" என்று கேட்டார் மான்சிக்.

குவாக் மணியைப் பார்த்தார். "ஐயோ, ஹோட்டல்ல விருந்துக்குச் சூப் ஊத்திட்டாங்களாம். ஆறிடும். பாட்டு ஆறாது இல்லீங்களா? அடுத்த தடவ."

வீட்டுக்கு வந்தபோது மால்சுன் வாசலில் நின்றிருந்தாள். "பாட்டு எங்க அத்தான்?"

"துண்டு குடுத்தாங்க." மையத்தின் பெயர் முழுவதும் அச்சடித்த நல்ல வெள்ளைத் துண்டு.

"துண்டு பாடுமா?"

"பாடல."

இரண்டாவது உரையாடல் அறிவியல் பக்கமானது. பூ, தேநீர், சாத்திய கதவு, நாலு உரை, வெற்றி எல்லாம் முறைப்படி நடந்தன. சூப்புக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. ஒலி ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் பியோன் திரையில் ஒரு வண்ணப்படத்தைக் காட்டினார். மழைக்காலத்துச் சுவர் மாதிரி பச்சையும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது.

"பாத்துக்குங்க ஐயா. இதுதான் உங்க மனைவி."

மான்சிக் கண்ணைச் சுருக்கினார். "எதுங்க?"

"அந்தப் பச்ச."

"அப்ப அந்தச் சிவப்பு?"

"அது இன்னும் பலமான உங்க மனைவி."

மான்சிக் தலையாட்டினார். சிவப்புப் பக்கம் அவருக்குப் பழக்கமானதாகத்தான் தோன்றியது. "கேக்கலாமுங்களா?"

பியோன் பரிவோடு சிரித்தார். "காதுங்கறது ரொம்பப் பழைய கருவி, ஐயா. மீனுக்குக்கூட இருக்கு. நாங்க இந்தப் பாட்ட ஒரு வருஷம் முழுக்க ஆராய்ச்சி பண்ணினோம். ஒரு தடவகூடக் கேட்டதில்ல. கேட்டா மனசு ஒரு பக்கமாச் சாஞ்சிடும்."

இதைத் தன் பெருமையாகத்தான் அவர் சொன்னார், கண்ணுகளா. சபையும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

கடைசியில் ஓக்பூனின் குரலைப் பிளாஸ்டிக்கில் வார்த்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். பெரிய சீப்பு மாதிரி இருந்தது, பற்கள் மட்டும் ஒழுங்கில்லாமல். மான்சிக் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பெட்டி மேல் வைத்தார். மால்சுன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன அத்தான்?"

"உங்க அக்கா."

"அக்காவுக்குப் பல்லு இவ்ளோ மோசமில்ல."

மூன்றாவது உரையாடல் பண்பாட்டுப் பக்கமானது. பேராசிரியர் நாம்குங் அம்மையார் வந்தார். சாம்பல் நிறச் சால்வை போர்த்தியிருந்தார், மெல்லிய குரலில் பேசினார், முன் வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை.

"இந்தப் பாட்டோட நடுவுல ஒரு கரடி உறங்குது" என்றார் அம்மையார். "இந்த நாட்டோட ஆதித்தாயே கரடிதானே. பூண்டத் தின்னுட்டு குகையில இருந்து மனுஷியான கரடி. ஓக்பூன் அம்மையார் அந்தத் தாயத்தான் எழுப்பாதீங்க, எழுப்பாதீங்கன்னு கெஞ்சறாங்க."

"கூரை ஆடறத விட்டுட்டீங்களே" என்று குறுக்கிட்டார் பியோன். "அது அதிர்வு. ஒரு பொருள் அதிர்ந்தா தள்ளியிருக்கற இன்னொரு பொருளும் அதிரும். படிப்பில்லாத ஒரு பெண்மணி இயற்பியலப் பாடியிருக்காங்க."

"படிப்பில்லாதவங்கன்னு சொல்லாதீங்க. வாய்மொழி மரபுன்னு சொல்லுங்க."

"அதத்தான் சொல்றேன், படிப்பில்லாத வாய்மொழி மரபு."

மான்சிக் மெதுவாகக் கையைத் தூக்கினார். "அந்தக் கரடி நான்தானுங்க."

நாம்குங் அம்மையாரின் கண் கலங்கியது. அவர் எழுந்து வந்து மான்சிக்கின் கையைப் பற்றிக்கொண்டார்.

"கேட்டீங்களா? தன்னயே குலக்கரடியா உணர்றாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆள் கிடைக்கறது அபூர்வம்."

"இல்லீங்க, நான் குறட்ட விடுவேன்."

"குறட்ட!" என்றார் பியோன், பேனாவைத் திறந்துகொண்டே. "அதுதான் அதிர்வு."

"இப்பப் பாட்டு போடலாமுங்களா?"

அம்மையார் வருத்தத்தோடு தலையசைத்தார். "நெத்திலி ஆவி இல்லாத இடத்துல அந்தப் பாட்டப் போடறது அதுக்குச் செய்யற வன்முறை, ஐயா. நாம அத மதிக்கணும். மறைந்த பாடகிக்காக எல்லாரும் எழுந்து மௌனமா நிப்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். பாடின பெண்ணுக்கு மரியாதை செய்ய, அவள் பாட்டைப் போடாமல், தலையைக் குனிந்து நின்றார்கள். மான்சிக்கும் நின்றார். யாரோ ஒருவருடைய வயிறு கடமுடவென்று உருண்டது. அவருக்குத் துக்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தன் காலணிகளைப் பார்த்தபடி, இடது காலணிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அதில் அவர் உரையாடலுக்கு ஆற்றிய தொண்டு பொறிக்கப்பட்டிருந்தது. துண்டும் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அழைப்பு வரவில்லை. படையலுக்கு முந்தைய வாரம் மான்சிக் தொலைபேசியில் கேட்டார்.

"ஐயா, இந்த வருஷத் தலைப்பு மாறிப்போச்சுங்க" என்றார் குவாக். "இப்போ கடற்பாசியும் செயற்கை அறிவும். உங்ககிட்டக் கடற்பாசி ஏதாவது இருக்குங்களா?"

"சாப்பிடறதுக்கு இருக்கு."

"அது உதவாதுங்களே. பொதுமக்களா வந்து கலந்துக்குங்க. அனுமதி இலவசம்."

மால்சுன் படையல் சாமான் பட்டியலை வாயாலேயே ஒப்பித்துக்கொண்டிருந்தாள், பேரிக்காய், இலந்தை, செஸ்ட்நட், மீன். பாதியில் நிறுத்தினாள். "போதும் அத்தான். குரல் இல்லாமயே கூப்பிடுவோம். அக்கா தானா வருவா. ஓசிச் சோத்த அவ என்னிக்கு விட்டா?"

மான்சிக் தலையாட்டினார். ஆனால் படையலன்று காலையில் அவர் கால்கள் மலைக்குப் போகிற பேருந்தில் ஏறிவிட்டன. இத்தனை நாள் போய்ப் பழகிவிட்டது, வேறு காரணம் இல்லை. அன்று கடற்பாசி விழா, நெஞ்சில் பூ குத்த யாரும் வரவில்லை. பூ இல்லாதவர்களுக்கு விருந்தினர் அறையும் கிடையாது, தேநீரும் கிடையாது. அதனால் நேராக அரங்கத்துக்குள் போய், காலியாக இருந்த நாற்காலிகளில் நடுவாக ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தார். மேடையில் மைக்செட்காரர் யோம் ஒயரைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார்.

கரடி ஒண்ணு வந்துச்சு, கஞ்சிப் பானை காலியாச்சு.

அரங்கம் முழுக்க ஓக்பூன். மேலிருந்தும் இரண்டு பக்கத்துச் சுவரிலிருந்தும் நாற்காலிக்கு அடியிலிருந்தும் ஓக்பூன். ஆவியைக் குடித்துக் குடித்துக் கொஞ்சம் கரகரத்துப்போன அந்தக் குரல். ஒவ்வொரு வரி முடிவிலும் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அது எந்தப் பச்சையிலும் தெரியவில்லை, எந்தச் சிவப்பிலும் தெரியவில்லை. மான்சிக் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடிக்கு வெளியே அன்று நின்ற மாதிரியே நின்றார். பாட்டு முடிந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, பாட்டில்லாத வெறும் பேச்சாக, வெளியே சுவரில் சாய்ந்து நின்ற ஒருவரிடம் ஓக்பூன் சொன்னாள்:

"என்ன, நின்னுக்கிட்டே தூங்கறியா? வா கரடி, வீட்டுக்குப் போலாம்."

யோம் அடுத்த ஒயரைக் குனிந்து செருகினார். அப்போதுதான் நடுவில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தார்.

"சத்தம் அதிகமா இருக்குங்களா?"

"இல்லீங்க. இது... இத இன்னிக்கு ஏன் போட்டீங்க?"

"எப்பவும் இதத்தான் போடுவேன். ஒவ்வொரு விழாவுக்கும். கட்டைக் குரலும் இருக்கு, கீச்சுக் குரலும் இருக்கு, கடைசில பேச்சும் வருது. மைக் சோதிக்க இதவிட நல்லது கிடையாது."

"ஒவ்வொரு விழாவுக்குமா?"

"ஆமாங்க. கேக்கத்தான் ஆள் இருக்காது. பெரியவங்கல்லாம் தேநீர் குடிச்சுட்டு இருப்பாங்க."

மான்சிக் திரும்பி அந்த விருந்தினர் அறைச் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது என் வீட்டுக்காரி."

யோம் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். "கைப்பேசி வெச்சிருக்கீங்களா? ஒலிபெருக்கிப் பக்கத்துல புடிங்க. இன்னொரு தடவ போடறேன்."

மான்சிக் கைப்பேசியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். பாட்டு மறுபடி வந்தது. கரடி வந்தது, கூரை ஆடியது, எழுப்பாதீங்க என்று கெஞ்சல் வந்தது. பதிவில் கதவு திறந்தது. அரங்கத்திலும் கதவு திறந்தது.

அன்று மாலை மால்சுன் படையலை அடுக்கினாள். ஓக்பூன் வருவதற்காக வாசல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தாள். குளிர் உள்ளே வந்தது. அக்கா எடுத்துச் சாப்பிடட்டும் என்று சோற்றுக் கிண்ணத்தில் கரண்டியை நட்டு வைத்தாள். மான்சிக் குனிந்து வணங்கிவிட்டு, கைப்பேசியைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

மால்சுன் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவின் குரல் மீனுக்கு மேலேயும் பேரிக்காய்க்கு மேலேயும் நடந்து போயிற்று. பாட்டு முடிந்தது, கதவு திறந்தது, "என்ன, நின்னுக்..." என்று ஓக்பூன் தொடங்கினாள். அதன் மேல் குவாக்கின் குரல் கணீரென்று ஏறி உட்கார்ந்தது.

"அடடா, பே ஐயா! காலையிலேயே வந்துட்டீங்களா! இதுதான், இதுதான் எங்க மையத்தோட வெற்றி! யோம், அந்த இரைச்சல நிறுத்துங்க, பெரியவங்க வர்றாங்க! மதிப்புக்குரிய நகர்மன்ற உறுப்பினர் அவர்களே..."

பதிவு அங்கே நின்றுவிட்டது.

"அக்கா உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தரப் பேச விட்டதில்ல" என்றாள் மால்சுன். "செத்தப்புறம் போய் மாட்டிக்கிட்டாளே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணிலிருந்து கொட்டியது. துடைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ன சொல்ல வந்தா அத்தான்?"

மான்சிக் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தார். அவள் குரலே மறந்துபோயிருந்தவர், இப்போது தடுமாறாமல், அவள் இழுத்த இடத்தில் இழுத்து, மூக்கால் சிரித்த இடத்தில் சிரித்துச் சொன்னார்.

"என்ன, நின்னுக்கிட்டே தூங்கறியா? வா கரடி, வீட்டுக்குப் போலாம்."

"அப்படியா சொன்னா?"

"அப்படியேதான்."

திறந்திருந்த கதவு காற்றில் கொஞ்சம் அசைந்தது. அது காற்றுதான், கண்ணுகளா. நான் வேறெதுவும் சொல்லவில்லை.

படைத்ததை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மான்சிக் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு ஜாஸ்தி."

"வருஷம் பூரா இதே சூப்தான் வெக்கறேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்று மால்சுன் எகிறினாள். அதற்குள் அவர் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். முதலில் மெல்ல, பிறகு பழைய பேருந்து மலையேறுகிற மாதிரி குறட்டை கிளம்பியது. அரிசிப் பெட்டி மேல் இருந்த பிளாஸ்டிக் சீப்பு கடகடவென்று ஆட ஆரம்பித்தது. மால்சுன் அதை எடுத்துக் கீழே வைத்தாள். மையத்தின் துண்டுகளில் இருப்பதிலேயே பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்து அவர் மேல் போர்த்திவிட்டாள். இசை, அறிவியல், பண்பாடு என்ற எழுத்தெல்லாம் அவர் வயிற்றின் மேல் ஏறி இறங்கின. அவள் அவரை எழுப்பவில்லை.

இனி போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவர்கள் ரொம்ப காலம் குறட்டை விடட்டும். அவர்களைத் திட்டுகிறவர்கள் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்திலேயே படுத்திருக்கட்டும். உங்கள் வாசல் கதவைத் திறந்தால் உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் உயிரோடு, பசியோடு, வாய் நிறையப் பேச்சோடு வரட்டும்.